லோரோபேனியும் மேற்கு ஆப்பிரிக்காவின் கல் இடிபாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் இடைக்காலம் என்றதும் நம்மில் பலருக்கு மாலிப் பேரரசின் மான்சா மூசாவும் அவர் அள்ளிக் கொடுத்த தங்கமும் நினைவுக்கு வரும். அந்தக் காலத்துத் தங்கத்தை மண்ணிலிருந்து எடுத்தவர்கள் யார், அதை வாங்கி விற்றவர்கள் எப்படிப்பட்ட வீடுகளில் இருந்தார்கள், அவற்றில் இன்று என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டால் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. அதற்காகத்தான் இந்தப் பக்கம். லோரோபேனியில் தொடங்கி, அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சில இடங்களுக்கும் போய் வரலாம்.

லோரோபேனி எங்கே இருக்கிறது? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

புர்கினா ஃபாசோ நாட்டின் தெற்குப் பகுதியில், கோட் டிவ்வார், கானா நாடுகளின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அருகிலுள்ள பெரிய ஊர் காவுவா. சுற்றிலும் புல்லும் மரங்களுமான சவானா நிலம். அதன் நடுவே, நான்கு பக்கமும் சூழ்ந்து நிற்கும் உயரமான கல் மதில். உள்ளே உள்ள பரப்பு 11,130 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் சுமார் இரண்டே முக்கால் ஏக்கர். மதில் சில இடங்களில் 6 மீட்டர் உயரம் வரை இன்னும் நிற்கிறது. ஏறக்குறைய இரண்டு மாடி உயரம்.

உள்ளே போனால் குறுக்குச் சுவர்களும் அறைகள் இருந்த தடங்களும் தெரியும். கூரை எதுவும் இல்லை. ஆள் நடமாட்டம் நின்ற பிறகு மரங்கள் உள்ளேயே முளைத்து வளர்ந்து மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கின்றன.

இது தனியாக நிற்கும் ஒரு கோட்டை இல்லை. லோபி வட்டாரத்தில் இதே வகையில் பத்துக் கோட்டைகள் இருக்கின்றன. அவற்றில் நன்றாகத் தப்பிப் பிழைத்தது லோரோபேனி. இன்னும் விரித்துப் பார்த்தால், அந்தப் பகுதி முழுவதும் ஏறத்தாழ நூறு கல் மதில் வளாகங்கள் சிதறிக் கிடக்கின்றன. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் பதில்கள் புரியும். ஏதோ ஒரு ராஜா ஆசைக்குக் கட்டிய ஒற்றைக் கட்டடம் என்றால் கதை வேறு. நூறு இடங்களில் ஒரே மாதிரிக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த நிலம் முழுக்க ஒரு வாழ்க்கைமுறை இருந்திருக்கிறது என்று பொருள்.

யார் கட்டினார்கள்?

லோரோன், குலாங்கோ ஆகிய இரண்டு மக்களின் பெயர்கள்தான் இந்த இடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அந்த வட்டாரத்தில் தங்கம் எடுப்பதையும் அதை உருக்கிப் பண்டமாக்குவதையும் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அவர்கள். வட்டாரத்துக்கு 'லோபி நாடு' என்று பெயர் வரக் காரணமான லோபி மக்கள் பிறகு வந்தவர்கள். 18-ஆம் நூற்றாண்டு வாக்கில், இன்று முஹூன் என்று அழைக்கப்படும் கறுப்பு வோல்ட்டா ஆற்றைக் கடந்து, இன்றைய கானா பக்கத்திலிருந்து வந்து குடியேறினார்கள். லோபிகள் வீடு கட்டுவதில் கெட்டிக்காரர்கள்தான். ஜன்னல் இல்லாத, சிறு கோட்டை போன்ற அவர்களுடைய மண் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இந்தக் கல் மதில்கள் அவர்களுக்கு முந்தியவை.

'லோபி இடிபாடுகள்' என்று எங்காவது படித்தால் அது நிலத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பழையது? எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மண்ணுக்குள் கிடைத்த கரித்துண்டு போன்றவற்றைக் கரிமக் காலக்கணிப்பு செய்து பார்த்ததில், இந்த மதில்களுக்குக் குறைந்தது ஆயிரம் ஆண்டு வயது இருக்கும் என்று தெரிந்தது. உச்சத்தில் இருந்தது 14 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை. இடையிடையே ஆளில்லாமல் கிடந்திருக்கிறது, மறுபடி குடியேறியிருக்கிறார்கள். கடைசியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முற்றிலும் கைவிடப்பட்டது.

காலக்கணிப்பு வருவதற்கு முன்னால் நிலைமை வேறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் காலனி அதிகாரிகள் இந்த மதில்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். உள்ளூரில் அப்போது யாரும் கல்லில் வீடு கட்டவில்லை என்பதால், வெளியிலிருந்து வந்த யாரோ கட்டியிருக்க வேண்டும் என்ற ஊகம் எளிதாக முளைத்தது. இதே கதைதான் ஆப்பிரிக்காவின் இன்னொரு முனையில் மகா ஜிம்பாப்வே என்ற கல் நகர இடிபாடுகளிலும் நடந்தது. 1905-இலும் பிறகு 1929-இலும் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று தெளிவாகச் சொன்ன பிறகும், அங்கிருந்த வெள்ளையர் அரசு பல பத்தாண்டுகள் அதை மக்களிடம் மழுப்பியே வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒரு மக்கள் கூட்டம் தன் கையால் கட்டியதை, 'உன்னால் முடிந்திருக்காது' என்று சொல்லி அதன் கையிலிருந்தே பிடுங்குவது எவ்வளவு பெரிய அநியாயம்!

எதற்காக இவ்வளவு உயரமான மதில்?

தங்கத்துக்காக. லோபி நிலத்தின் அடியில் இருப்பது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பாறை. மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கம் பெரும்பாலும் இந்த வகைப் பாறையில்தான் இருக்கிறது. பாறை தேய்ந்து கரைய, பொன்துகள் ஓடைமணலில் வந்து தங்கும். அதைச் சுரைக்குடுக்கையில் அள்ளி, தண்ணீரில் அலசி, சுழற்றிச் சுழற்றி மணலை வெளியேற்றினால், அடியில் மஞ்சளாகச் சில துகள்கள் மிஞ்சும். லோபி வட்டாரத்தில் இது வழிவழியாகப் பெண்களின் வேலை. மழை ஓய்ந்ததும் ஓடைக்கரையில் குனிந்து, ஒரு நாள் முழுக்க அலசினால் ஒரு நகக்கண் அளவு கிடைக்கும். அப்படிச் சேர்ந்த துகள்கள்தான் வியாபாரிகளின் கைக்குப் போய், வடக்கே சஹாரா வரைக்கும் போயின.

சேர்த்து வைத்த தங்கத்தைக் காக்க வேண்டும், வேலைக்கு ஆட்களை வைத்திருக்க வேண்டும், வந்து போகும் வியாபாரிகள் கண்ணுக்கு அந்த இடத்தின் அதிகாரம் தெரிய வேண்டும். 6 மீட்டர் மதில் இந்த மூன்றுக்கும் உதவும். போருக்காக மட்டுமே கட்டிய கோட்டை என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஊரும் ஒரு பட்டறையும் ஒரு கிடங்கும் சேர்ந்த இடமாக இதைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

அது என்ன கல்?

செம்புராங்கல். ஆங்கிலத்தில் லேட்டரைட். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் வெப்ப நாடுகளில், பாறை சிதைந்து இரும்புச் சத்து மட்டும் தேங்கி உருவாகும் சிவப்புக் கல். துளைத்துளையாக இருக்கும். பூமிக்குள் ஈரமாக இருக்கும்போது வெட்ட எளிது. வெளியே எடுத்துக் காற்றில் காயவிட்டால் இறுகி உறுதியாகிவிடும்.

லேட்டரைட் என்ற பெயரே நம் பக்கத்து மலபாரில் பிறந்ததுதான். 1807-இல் பிரான்சிஸ் புக்கானன் அங்காடிப்புரத்தில் மக்கள் இந்தக் கல்லைச் செங்கல் மாதிரி வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்துவிட்டு, செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். கேரளத்தில் இதைத்தான் வெட்டுக்கல் என்கிறார்கள். அந்த வீட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்கு லோரோபேனி மதிலின் நிறமும் சொரசொரப்பும் எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆப்பிரிக்காவில் மண் கட்டடங்கள்தானே பிரபலம்? ஜென்னே, திம்புக்து மசூதிகள் எல்லாம் மண்தானே?

ஆமாம், நைஜர் ஆற்றுப் படுகையில் களிமண் தாராளமாகக் கிடைக்கும், அதனால் மண்ணில் கட்டினார்கள். மண்ணில் கட்டுவது தாழ்ந்த கலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கையில் எது கிடைக்கிறதோ அதில் கட்டுவதுதான் எங்கும் வழக்கம். மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1352-இல் சஹாராவைக் கடந்தபோது, தகாசா என்ற உப்புச் சுரங்க ஊரில் வீடும் மசூதியும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, மேலே ஒட்டகத் தோல் கூரை போட்டிருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே மரம் கிடையாது, உப்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

கல் கட்டுமானம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புதிதும் இல்லை. இன்றைய மவுரித்தானியாவில் தார் திஷித் என்ற செங்குத்துப் பாறைத் தொடரின் மேல், கிறிஸ்துவுக்கு முன் 2000 வாக்கிலிருந்தே மக்கள் கல் அடுக்கி ஊர் கட்டியிருக்கிறார்கள். சாந்து கிடையாது, கல் மேல் கல். வீட்டைச் சுற்றிக் கல் வேலி, மாட்டுக்குத் தொழுவம், தானியம் வைக்கக் குதிர். அவர்கள் பயிரிட்டது கம்பு. கம்பின் தாய்நாடே மேற்கு ஆப்பிரிக்காதான். நம் ஊர்க் கம்பும் அந்த மண்ணிலிருந்து கிளம்பி வந்ததுதான்.

கானா பேரரசு என்பது இன்றைய கானா நாடா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். பழைய கானா, இன்றைய மவுரித்தானியாவின் தென்கிழக்கிலும் மாலியின் மேற்கிலும் பரவியிருந்த சோனின்கே மக்களின் அரசு. அவர்கள் தங்கள் நாட்டை வகாது என்று அழைத்தார்கள். இன்றைய கானா 1957-இல் விடுதலை பெற்றபோது அந்தப் பெருமைக்காகப் பழைய பெயரை எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தூரம்.

கும்பி சாலே இடிபாடுகளில் என்ன கிடைத்தது?

கும்பி சாலே மவுரித்தானியாவின் தென்கிழக்கு மூலையில், மாலி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய கானாவின் தலைநகரோடு சேர்ந்த வணிகர் நகரம் இதுவாக இருக்கலாம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 1914-இல் தொடங்கி, 1949 முதல் 1951 வரை, பிறகு 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் அகழாய்வு நடந்தது.

வெளியே வந்தது ஒரு முழு நகரம். தகடு தகடாகப் பெயரும் பலகைக் கல்லால் கட்டிய வீடுகள், நடுவே ஒரு பெரிய தெரு, பெரிய மசூதி ஒன்று, ஊரைச் சுற்றிப் பரந்த இடுகாடுகள். வீட்டு அறைகள் நீளமாக, ஆனால் மிகவும் ஒடுக்கமாக இருக்கின்றன. கூரைக்கு உத்திரமாகப் போட நீளமான மரம் அந்த வறண்ட நிலத்தில் கிடைக்காததால்தான் அப்படி என்று கருதுகிறார்கள். அதற்காக அவர்கள் உயரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. மாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நகரத்தின் மக்கள்தொகை 15,000 முதல் 20,000 வரை இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்தக் காலத்துக்கு இது பெரிய ஊர்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு சின்னஞ்சிறியது. தங்கம் நிறுக்கப் பயன்பட்ட கண்ணாடி எடைக்கற்கள். உள்ளங்கையில் வைத்தால் ஒரு பொத்தான் மாதிரி இருக்கும் அளவு. ஒரு பக்கத் தட்டில் இந்தக் கண்ணாடித் துண்டு, மறுபக்கத் தட்டில் பொன்துகள், இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்க்கும் இரண்டு மனிதர்கள். அந்தக் கடையை மனதுக்குள் கட்டிப் பார்க்க எனக்கு இந்த ஒரு பொருளே போதும். அதோடு, குர்ஆன் வசனங்கள் எழுதிய கல் பலகைகளும் அங்கே கிடைத்தன. வீட்டுக்குள் வைத்திருந்தவை.

பழைய கானாவைப் பற்றி எழுதியவர்கள் யார்? அவர்களை நம்பலாமா?

முக்கியமானவர் அல்-பக்ரி. 1068 வாக்கில் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் இருந்து எழுதினார். அவர் ஒருமுறைகூட மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை. போய் வந்த வியாபாரிகளிடம் கேட்டும் முந்தைய நூல்களைப் பார்த்தும் எழுதினார். சமதளத்தில் இரண்டு ஊர்கள், ஒன்றில் முஸ்லிம் வணிகர்கள், அங்கே 12 மசூதிகள். ஆறு மைல் தள்ளி அரசனின் ஊர், அதற்கு 'காடு' என்று பொருள்படும் அல்-காபா என்று பெயர், கல்லாலும் வேல மரத்தாலும் கட்டிய வீடுகள் என்று சொல்கிறார். அரசவையில் காவல் நாய்களின் கழுத்தில் தங்க, வெள்ளிப் பட்டைகள் இருந்தன என்றும் சொல்கிறார்.

அவர் தரும் சுங்கக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. ஒரு கழுதைச் சுமை உப்பு ஊருக்குள் வந்தால் அரசனுக்கு 1 தினார், அதுவே வெளியே போனால் 2 தினார். சுரங்கத்தில் தங்கக் கட்டி கிடைத்தால் அது அரசனுடையது, பொடி மட்டும் மக்களுக்கு. இல்லாவிட்டால் தங்கம் பெருகி மதிப்பே போய்விடும் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். புழக்கம் கூடினால் விலை விழும் என்பதை அறிந்து அளவைக் கட்டுப்படுத்திய அரசு அது. பேரரசு என்பது படையை வைத்து மட்டும் நடப்பதில்லை என்று எனக்குப் புரியவைத்த பகுதி இது.

நம்பலாமா என்றால், பாதி நம்பலாம். வணிகர் நகரம் மண்ணுக்குள் கிடைத்திருக்கிறது. அரசனின் ஊர் இதுவரை கிடைக்கவில்லை. ஆறு மைலுக்குள் பல இடங்களில் தேடியும் அகப்படவில்லை. அது வேறு எங்காவது இருக்கலாம், அல்லது மண்ணில் கட்டியது கரைந்து போயிருக்கலாம்.

1076-இல் அல்மொராவித் படை கானாவை அழித்தது என்று படித்திருக்கிறேனே?

பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருக்கும். வடக்கேயிருந்து வந்த, சஹாராவின் பெர்பர் முஸ்லிம் படையினரான அல்மொராவித்கள் அவுதகோஸ்த் நகரத்தைப் பிடித்தது உண்மை. அது 1054-55-இல் நடந்தது. ஆனால் 1076-இல் கானாவின் தலைநகரைத் தகர்த்தார்கள் என்பதற்கு அந்தக் காலத்து எழுத்திலும் உறுதியான சான்று இல்லை, கும்பி சாலே மண்ணிலும் அப்படிப்பட்ட பேரழிவின் தடயம் இல்லை. அந்த நகரம் அதன் பிறகும் நன்றாகவே வாழ்ந்திருக்கிறது.

அவுதகோஸ்த் எது? அதற்கு என்ன முக்கியத்துவம்?

சஹாராவின் தெற்கு விளிம்பில், ஒட்டகச் சாத்துகள் பாலைவனத்தைக் கடந்ததும் முதலில் வந்து சேரும் நகரம். மவுரித்தானியாவின் தெக்தவுஸ்த் இடிபாடுகள்தான் அது என்று 1960-களிலிருந்து நடந்த அகழாய்வுகள் காட்டின. வீடுகள், பட்டறைகள், வடக்கிலிருந்து வந்த மெருகிட்ட மட்பாண்டங்கள், கண்ணாடிப் பொருள்கள் என்று நிறையக் கிடைத்தன.

10-ஆம் நூற்றாண்டின் நடுவில், இப்னு ஹவ்கல் என்ற பயணி சஹாராவின் வடக்கு விளிம்பில், இன்றைய தென்கிழக்கு மொராக்கோவில் உள்ள சிஜில்மாசா நகரத்துக்குப் போனார். அங்கே, அவுதகோஸ்தில் இருந்த ஒரு வியாபாரி பட்டிருந்த கடனுக்கான சீட்டைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறார். தொகை 42,000 தினார். கிழக்கு நாடுகளில் இதற்கு நிகராக எதையும் பார்த்ததில்லை என்கிறார். நடுவில் இரண்டு மாதப் பாலைவனப் பயணம். அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒருவன் எழுதிக் கொடுத்த காகிதத்தை நம்பி இவ்வளவு பெரிய தொகை கைமாறியிருக்கிறது. உண்டியல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அந்தத் தங்கமெல்லாம் எங்கே போனது?

முதலில் வட ஆப்பிரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும். அல்மொராவித் தினார்கள் மேற்கு ஆப்பிரிக்கப் பொன்னில் அடிக்கப்பட்டவை. ஐரோப்பாவிலும் அவற்றுக்கு நல்ல மதிப்பு. எகிப்துக்கும் போனது. 1324-இல் மான்சா மூசா மக்கா செல்லும் வழியில் கெய்ரோவில் செலவழித்த தங்கத்தால் அங்கே தங்கத்தின் விலை விழுந்தது; ஏறக்குறைய 12 ஆண்டு கழித்து எழுதிய அரபு எழுத்தாளர் அல்-உமரி, விலை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை என்கிறார்.

பம்புக், பூரே, அக்கான் காட்டுப்பகுதி, லோபி என்று பல பொன்வயல்கள் இருந்தன. லோரோபேனியின் உச்ச காலத்துக்குள்ளேயே வழியும் மாறத் தொடங்கியது. 1471-இல் போர்ச்சுகீசியர் கப்பலில் கினி வளைகுடாக் கரைக்கு வந்தார்கள். 1482-இல் எல்மினாவில் கோட்டை கட்டினார்கள். அதுவரை வடக்கே பாலைவனத்தை நோக்கி நடந்த தங்கத்தின் ஒரு பகுதி தெற்கே கடலை நோக்கித் திரும்பியது. லோபி நிலம் இந்த இரண்டு வழிக்கும் நடுவில் இருந்தது.

இந்தியப் பெருங்கடல் பக்கத்தோடு இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, சோழி வழியாக. நாம் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் எடுக்கும் அதே சோழி. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி, பல கை மாறி, எகிப்து வழியாகச் சஹாராவைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவில் காசாகப் புழங்கியது.

இதற்குச் சாட்சி மறுபடி இப்னு பதூதாதான். மாலத்தீவில் காஜியாக வேலை பார்த்தார். அங்கிருந்து இலங்கைக்கு வந்தார், பிறகு மதுரை சுல்தானிடமும் தங்கினார். அந்த சுல்தான் அவருக்கு மனைவி வழி உறவு. சில ஆண்டுகள் கழித்து அதே மனிதர் மாலிக்கும் காவோ நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தார். மாலத்தீவில் ஒரு தங்க தினாருக்கு 4,00,000 சோழி, சில சமயம் 12,00,000 வரைகூடக் கிடைக்கும் என்கிறார். மாலியிலும் காவோவிலும் அதே ஒரு தினாருக்கு 1,150 தான். குறைந்த கணக்கில் பார்த்தாலும் சுமார் 350 மடங்கு! இரண்டு முனையையும் நேரில் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பது நம் அதிர்ஷ்டம்.

லோபி மக்களிடம் சோழி 20-ஆம் நூற்றாண்டு வரை காசாக இருந்தது. பெண்ணுக்குப் பரிசப் பணம் சோழியில்தான் எண்ணிக் கொடுப்பார்கள்.

கல்வட்டங்களும் இதே வகையா?

வேறு வகை, ஆனால் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. காம்பியா ஆற்றை ஒட்டி, காம்பியா, செனகல் இரண்டு நாடுகளிலும், 350 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. வாசு, கெர்பாச், வானார், சின் ங்காயேன் ஆகிய நான்கு இடங்கள் 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இந்த நான்கில் மட்டும் 93 வட்டங்கள், அவற்றில் 52 சின் ங்காயேனில். இங்கேயும் அதே செம்புராங்கல்தான். இரும்புக் கருவியால் வெட்டி, ஒரே அளவில் உருண்டைத் தூண்களாகவோ பட்டைத் தூண்களாகவோ செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 2 மீட்டர் உயரம், 7 டன் எடை. ஒரு வட்டத்துக்கு 8 முதல் 14 தூண்கள். வாசுவில் தூண்களின் உச்சியில் சிறு கற்களை நிறையப் பார்க்கலாம். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

இவை புதைகுழிகளோடு சேர்ந்தவை. கோட்டையோ ஊரோ இல்லை.

லோரோபேனியை 'மர்மம்' என்று எல்லோரும் சொல்கிறார்களே?

உலகப் பாரம்பரியப் பட்டியலின் குறிப்பே இந்த இடத்தை மர்மம் சூழ்ந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. அடுத்ததாக, பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை என்றும் சொல்கிறது. இரண்டாவது பாதியைத்தான் நாம் அழுத்திப் படிக்க வேண்டும். தோண்டவில்லை, அதனால் தெரியவில்லை. 'மர்மம்' என்று சொல்லிவிட்டால் ஏதோ தெரிந்துகொள்ளவே முடியாத விஷயம் போல ஆகிவிடுகிறது. அகழாய்வுக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், அமைதி வேண்டும். இவை அமையும்போது பதில்களும் வரும். நூறு வளாகங்களில் ஒன்றைப் பற்றித்தான் நாம் ஓரளவாவது பேசிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலில் எப்போது சேர்ந்தது?

2009-இல். புர்கினா ஃபாசோவின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் இதுதான். 2019-இல் பழங்கால இரும்பு உருக்கு உலைகள் இருக்கும் இடங்கள் சேர்ந்தன. 2024-இல் தியெபெலே அரசவை வளாகம் சேர்ந்தது; அந்தக் கூட்டம் நடந்தது புது தில்லியில்.

இன்றும் அங்கே தங்கம் எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள். லோரோபேனி பட்டியலில் சேர்ந்த அதே 2009-இல்தான் புர்கினா ஃபாசோவின் ஏற்றுமதியில் தங்கம் பருத்தியை முந்தி முதலிடத்துக்கு வந்தது. பெரிய நிறுவனங்களின் சுரங்கங்கள் ஒரு பக்கம். கையால் தோண்டும் குழிகள் இன்னொரு பக்கம். வெளியூர் ஆட்கள் கூட்டமாக வந்து, சில மாதங்களில் ஒரு காட்டையே குழி குழியாக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறார்கள்.

இந்த வட்டாரத்து மக்களிடம் தங்கத்தைப் பற்றி ஆழமான ஒரு பயம் உண்டு. தங்கம் உயிருள்ளது, மண்ணின் ஆவிகளுக்குச் சொந்தமானது, அதை எடுப்பவன் பலி கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும் என்பார்கள். தங்கத்தில் வரும் பணத்துக்குக் 'கசப்புக் காசு' என்று பெயர். அதை வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் மாடு வாங்குவதற்கும் செலவழித்தால் விளங்காது என்ற நம்பிக்கை. ஆயிரம் ஆண்டு தங்கத்தோடு வாழ்ந்த ஒரு நிலத்தின் ஆட்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்பதை நாம் வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தங்கம் வந்த இடத்துக்குச் சண்டையும் அடிமைப் பிடிப்பும் பின்னாலேயே வந்ததைப் பார்த்த அனுபவமும் அதில் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இடிபாடுகளுக்கு இப்போது என்ன ஆபத்து?

மழை, வேர், தீ. மழைக்காலத்தில் தண்ணீர் மதிலின் அடியை அரிக்கும். மதிலை ஒட்டி முளைக்கும் மரத்தின் வேர் கல் இடுக்கில் நுழைந்து பருத்து, கற்களைத் தள்ளிவிடும். ஆனால் மரத்தை வெட்டினாலும் சிக்கல்தான். வேர் மக்கியதும் அங்கே ஏற்படும் வெற்றிடத்தால் சுவர் சரியும். எந்த மரத்தை விடுவது, எதை எடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பது அந்த நிலத்தில் பழக்கம் என்பதால் அதையும் தடுக்க வேண்டும். மதிலைச் சுற்றி 278 ஹெக்டேர் நிலத்தைப் பாதுகாப்பு வளையமாக வைத்திருக்கிறார்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

இப்போதைக்குக் கடினம். 2015-க்குப் பிறகு புர்கினா ஃபாசோவில் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் பெருகி, ஏராளமான மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்திருக்கிறார்கள். பல நாடுகள் தங்கள் குடிமக்களை அங்கே போக வேண்டாம் என்று எச்சரிக்கின்றன. கும்பி சாலே இருக்கும் மவுரித்தானிய எல்லைப் பகுதிக்கும் இதே மாதிரி எச்சரிக்கை உண்டு. கல் இடிபாடுகளை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு எளிதான இடம் காம்பியாவின் வாசு. ஆற்றின் வடகரையில், குந்தாவூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறிய அருங்காட்சியகமும் உண்டு. வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுவது நல்லது; போகும் வழியில் சிறு கல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.